பழைய போதகர் வீட்டுக் கடிதக் கட்டை எப்படிப் படிப்பது?

19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் எபிஸ்கோப்பல் சபை (ஆங்கிலிக்கன் மரபில் வந்தது) போதகர் ஒருவரின் குடும்பக் கடிதங்களைப் படிக்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் பக்தியைத் தேடித்தான் போகிறார்கள். பக்தி இருக்கும், அது எங்கே போய்விடப்போகிறது. ஆனால் அந்த வீடு எப்படி ஓடியது என்று தெரியவேண்டுமானால் முதலில் தேதியையும் காசையும் பிடியுங்கள்.

பழகிப் பார்க்க நல்ல கட்டு பிலாண்டர் சேஸ் என்பவருடையது. ஒஹையோ மாநிலத்தின் முதல் எபிஸ்கோப்பல் பேராயர் (பிஷப்), 1824-ல் கென்யன் கல்லூரியைத் தொடங்கியவர். அவருடைய கடிதங்களை அந்தக் கல்லூரியே இணையத்தில் போட்டிருக்கிறது. பேராயர் என்றதும் மாளிகையைக் கற்பனை செய்யவேண்டாம், ஒஹையோவின் வொர்த்திங்டன் ஊரில் பண்ணை வேலையும் பார்த்துத்தான் குடும்பம் சாப்பிட்டது. தகப்பனை இழந்த அண்ணன் மகன் ஒருவன் 12 வயதில் அங்கே வந்து சேர்ந்தான், பண்ணை வேலை அவன் தலையிலும் விழுந்தது. பின்னாளில் லிங்கனின் நிதியமைச்சரான சால்மன் சேஸ் அவன்தான். 1831-ல் கல்லூரி ஆசிரியர்களோடு ஏற்பட்ட தகராறில் பதவியை விட்டுவிட்டு, பிறகு இல்லினாய்ஸுக்குப் போய்க் கட்டிக்கொண்ட மரவீட்டுக்கு பிலாண்டர் வைத்த பெயர் 'ராபின் கூடு', ராபின் என்பது ஒரு சிறு பறவை. மண்ணும் குச்சியுமாகக் கட்டியது, உள்ளே நிறையக் குஞ்சுகள் என்று காரணமும் சொன்னார்.

சரி, வேலைக்கு வருவோம். கடிதத்தைப் படிக்கும் முன் தாளைப் பாருங்கள். 1845-க்கு முன்பு தபால் கட்டணம் தாள் கணக்கிலும் தூரக் கணக்கிலும் இருந்தது: 400 மைலுக்கு மேல் போனால் ஒரு தாளுக்கு 25 சென்ட், இரண்டு தாளென்றால் 50. பெரும்பாலும் அதைக் கொடுத்தது கடிதத்தைப் பெறுகிறவர்! உறை போட்டால் அதுவும் ஒரு தாளாகக் கணக்காகும் என்பதால் தாளையே மடித்து, அரக்கு வைத்து, வெளியே தெரியும் பக்கத்தில் விலாசம் எழுதுவார்கள். விலாசத்தின் மூலையில் கையால் எழுதிய 25 என்ற எண் தெரிந்தால் அது கட்டணம், தேதி இல்லை. எண்ணுக்குப் பதில் யாரோ ஒருவரின் பெயர் இருந்தால், அந்தப் பக்கம் போகிற தெரிந்தவர் கையில் கொடுத்தனுப்பித் தபால் காசை மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இடம் போதாதபோது, எழுதி முடித்த பக்கத்தையே கால் வட்டம் திருப்பி, முதல் வரிகளுக்குக் குறுக்கே மறுபடியும் எழுதினார்கள். முதல் பார்வைக்குக் கம்பி வலை மாதிரிதான் இருக்கும். ஸ்கேனைப் பெரிதாக்கி, ஒரே ஒரு வரியின் போக்கை மட்டும் கண்ணால் பிடித்துக்கொண்டு போங்கள். வரிக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளின் விளிம்பை வைத்தால் கண் வழுக்காது. அந்தப் போக்கு முழுதும் முடிந்த பிறகு படத்தைத் திருப்பி இரண்டாவதைத் தொடங்குங்கள், இரண்டையும் கலக்கவே கூடாது. குறுக்கு வரிகளைச் சோம்பலால் விட்டுவிடாதீர்கள். கடைசியாக எழுதுவது அங்கேதான், யாருக்குக் காய்ச்சல், விறகு தீர்ந்தது, வேலைக்காரப் பெண் நின்றுவிட்டாள் என்பதெல்லாம் அங்கே வந்து ஒண்டிக்கொள்ளும். 1845-இல் கட்டணம் எடைக்கு மாறியது, அரை அவுன்ஸுக்கு 300 மைல் வரை 5 சென்ட். 1851-ல் முன்கூட்டியே செலுத்தினால் 3 சென்ட். அப்புறம் கடிதங்கள் சாவகாசமாக நீள்கின்றன, குறுக்கே எழுதுவதும் குறைகிறது.

அடுத்தது தேதி. போதகர் வீட்டில் மாதம், நாள் எழுதாமல் திருச்சபை நாட்காட்டிப்படி எழுதுவது உண்டு. தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவர்களுக்கு இது பழக்கம்தான், அதே ஆங்கிலிக்கன் வழிதான் நம்மிடமும் வந்தது. 'திரித்துவத்துக்குப் பின் மூன்றாம் ஞாயிறு, 1865' என்று இருந்தால் அந்த ஆண்டு ஈஸ்டரைக் கண்டுபிடியுங்கள். லிங்கன் சுடப்பட்ட ஏப்ரல் 14 புனித வெள்ளி, ஆக ஈஸ்டர் ஏப்ரல் 16. அதிலிருந்து 56-ஆம் நாள், ஜூன் 11, திரித்துவ ஞாயிறு. மூன்று வாரம் கூட்டினால் ஜூலை 2. இப்படித் தேதி போட்டு வரிசைப்படுத்தும்வரை எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒரே பெயர் ஆட்களைப் பிரிக்கவும் இதுதான் வழி. சேஸ் வீட்டிலேயே தகப்பனும் பிலாண்டர், மூத்த தாரத்து மகன் ஒருவனும் பிலாண்டர். அந்த மகன் 1824-ல் இறந்துவிட்டதால், அதற்குப் பிந்தைய கடிதத்தை அவன் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

இப்போது காசு. பல ஊர்களில் போதகரின் சம்பளம் கோவிலில் தங்கள் குடும்பம் உட்காரும் பெஞ்சுக்குச் சபையார் கட்டும் வாடகையிலிருந்து வந்தது, வாடகை நின்றால் சம்பளமும் நிற்கும். சபைக் காரியங்களைக் கவனிக்கும் நம் சேகரக் கமிட்டி மாதிரி அங்கே 'வெஸ்ட்ரி', பணப் பேச்செல்லாம் அவர்களோடுதான். சபையார் கூட்டமாக வந்து மாவு, பன்றி இறைச்சி, விறகு, துணி கொடுத்துவிட்டுப் போன மாலையைப் பற்றி மனைவி நன்றியோடு எழுதியிருப்பாள். அதை அன்பளிப்பு என்று மட்டும் குறித்துக்கொள்ளாதீர்கள், அந்த மாதச் சம்பளம் வந்ததா என்றும் பாருங்கள். கணவர் சுற்றுப்பயணத்தில் இருக்கும் மாதங்களில் அவள் எழுதியவைதான், என் கணக்கில், கட்டிலேயே விலை மதிப்புள்ளவை.

வீட்டில் இருந்தவர்கள் யார் என்பதை 1850 மக்கள்தொகைக் கணக்கோடு ஒத்துப்பாருங்கள், சுதந்திரமான ஒவ்வொருவர் பெயரையும் எழுதிய முதல் கணக்கு அது. தென் மாநிலத்துப் போதகர் என்றால் 1850, 1860 அடிமைப் பட்டியல்களையும் கட்டாயம் திறங்கள். பெரும்பாலும் அதில் உரிமையாளர் பெயரும், கீழே வயதும் பாலினமும் நிறமும் மட்டும் இருக்கும். கடிதத்தில் சமையற்கட்டில் வெறும் முதற்பெயரோடு வந்துபோகும் பெண், அந்தப் பட்டியலில் பெயரே இல்லாத ஒரு வரியாக இருக்கலாம்.

கடைசியாக, மறைமாவட்ட (ஒரு பேராயரின் கீழ் வரும் சபைகள் சேர்ந்த) மாநாட்டின் ஆண்டறிக்கைகள். ஞானஸ்நானம், திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவர் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு), திருமணம், அடக்கம் என்று ஒவ்வொரு போதகரும் எண்ணிக் கொடுத்த கணக்கு அதில் அச்சாகியிருக்கும். சபை செழிக்கிறது என்று அவர் அண்ணனுக்கு எழுதிய வருஷத்தில் அறிக்கை மெலிந்திருந்தால், அதே வருஷம் மனைவி தன் தாய்வீட்டுக்கு எழுதியதைத் தேடுங்கள். கடிதம் பெறுகிறவர் வீட்டில்தான் தங்கும் என்பதால் அது வேறு குடும்பத்தின் கட்டில், வேறு குடும்பப் பெயரில் கிடக்கும்.