வாரண்ட் எல்லை தாண்டுமா? வெளிநாட்டில் இருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தூத்துக்குடி நீதிமன்றம் ஒருவர் மீது பிடிவாரண்ட் பிறப்பித்தால், அதை இந்தியாவின் எந்த மூலையிலும் நிறைவேற்றலாம். அதே வாரண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தமிழகக் காவல் ஆய்வாளர் ஒருவர் துபாயில் போய் இறங்கினால், அங்கே அவர் சுற்றுலா விசாவில் வந்த ஒரு பயணி, அவ்வளவுதான். அங்கே யாரையாவது பிடித்து இழுத்து வந்தால் குற்றவாளி ஆவது அவரே. 1960-இல் இஸ்ரேலிய உளவுத்துறையினர் நாஜி அதிகாரி ஐக்மனை அர்ஜென்டினாவிலிருந்து கடத்திச் சென்றபோது, அவருடைய கொடுமைகளை உலகமே அறிந்திருந்தும், அர்ஜென்டினாவின் இறையாண்மை மீறப்பட்டதற்கு உரிய ஈடு செய்யுமாறு ஐ.நா. பாதுகாப்பு அவை இஸ்ரேலைக் கேட்டுக்கொண்டது. ஒரு நாட்டின் காவல்துறை இன்னொரு நாட்டுக்கு அனுப்பக்கூடியது வேண்டுகோள் மட்டுமே. கைது செய்வதா, ஒப்படைப்பதா என்பதை அந்த நாட்டின் சட்டமும் நீதிமன்றமும் தீர்மானிக்கும். இது புரியாததால் ஒரு சாரார் தேவையின்றி நடுங்குகிறார்கள். மற்றொரு சாரார் விமானம் ஏறியதுமே வழக்கு தொலைந்தது என்று இருந்துவிடுகிறார்கள்.

முதல் குழப்பம் இன்டர்போலைப் பற்றியது. பிரான்சின் லியோன் நகரில் தலைமையகம் கொண்ட இந்த அமைப்பில் 196 நாடுகள் உறுப்பினர்கள். வீடு தேடி வந்து கைது செய்யும் படை எதுவும் அதனிடம் இல்லை. நாம் ரெட் கார்னர் நோட்டீஸ் என்று சொல்லும் சிவப்பு அறிவிப்பு, இன்னாரைத் தேடிக் கண்டுபிடித்து, ஒப்படைப்பு நடவடிக்கை முடியும் வரை தற்காலிகமாகப் பிடித்து வையுங்கள் என்று உறுப்பு நாடுகளுக்குப் போகும் கோரிக்கை. அதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பது அந்தந்த நாட்டின் விருப்பம். அமெரிக்காவில் அந்த அறிவிப்பை மட்டும் வைத்து ஒருவரைக் கைது செய்ய முடியாது. வேறு சில நாடுகளிலோ விமானம் மாறும் இடைவெளியிலேயே பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள்.

அறிவிப்புகளில் பெரும்பாலானவை காவல்துறையினர் மட்டுமே பார்க்கக்கூடியவை. ஆகவே இன்டர்போல் இணையதளத்தில் தன் பெயர் இல்லையென்று ஒருவர் நிம்மதியடைவது ஆபத்து. அறிவிப்பு நீக்கப்பட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பதும் அதே அளவு தவறு. பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடி வழக்கில் தேடப்பட்ட மெகுல் சோக்ஸி மீதான சிவப்பு அறிவிப்பை இன்டர்போல் நீக்கிவிட்டது 2023-இல் தெரியவந்தது. ஆனாலும் இந்தியா நேரடியாக விடுத்த ஒப்படைப்புக் கோரிக்கையின் பேரில் 2025 ஏப்ரலில் அவர் பெல்ஜியத்தில் கைதானார். அரசியல், இராணுவ, மத, இன அடிப்படையிலான விவகாரங்களில் தலையிட இன்டர்போலின் சாசனமே தடை விதிக்கிறது என்பதும், தன் மீதான பதிவைப் பற்றிக் கேட்கவும் நீக்கக் கோரவும் அதன் கோப்புக் கட்டுப்பாட்டு ஆணையத்தை எவரும் அணுகலாம் என்பதும் அநியாயமாகச் சிக்கியவர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டியவை. இன்டர்போல் அதிகாரி என்று வீடியோ காலில் வந்து, ‘டிஜிட்டல் கைது’ செய்திருப்பதாகச் சொல்லிப் பணம் கேட்பவன் மோசடிக்காரன். அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் கிடையாது. இணைப்பைத் துண்டித்துவிட்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.

அடுத்த தவறுக்கு நம் மொழிப் பழக்கமும் ஒரு காரணம். விசா முடிந்தவரை அனுப்பிவைப்பதையும், வழக்குக்காக ஒருவரை இன்னொரு நாட்டிடம் ஒப்படைப்பதையும் நாளிதழ்கள் ‘நாடு கடத்தல்’ என்றே எழுதுகின்றன. முதலாவது குடிவரவுத் துறையின் நடவடிக்கை. சில நாட்களிலேயே முடிந்துவிடலாம். இரண்டாவது, ஒப்பந்தம், இரு நாட்டுச் சட்டத்திலும் அந்தச் செயல் குற்றமா என்ற ஆய்வு, நீதிமன்ற விசாரணை, மேல்முறையீடு என்று ஆண்டுக்கணக்கில் நீளக்கூடியது. ‘இந்த நாட்டோடு இந்தியாவுக்கு ஒப்படைப்பு ஒப்பந்தம் இல்லை, பயமில்லை’ என்று சொல்பவர்கள் முதல் வழியை மறந்துவிடுகிறார்கள். நீதிமன்ற வாரண்ட் நிலுவையில் இருந்தால் கடவுச்சீட்டை முடக்கப் பாஸ்போர்ட் சட்டம் இடம் தருகிறது. கடவுச்சீட்டு செல்லாமல் போனால் தங்கும் அனுமதி ஆட்டம் காணும். பிறகு திருப்பி அனுப்ப ஒப்பந்தம் எதற்கு?

ஒப்படைப்பு வழக்கு உண்மையில் எப்படி நடக்கும் என்பதற்கு விஜய் மல்லையா வழக்கு நல்ல எடுத்துக்காட்டு. 2016 மார்ச்சில் அவர் இந்தியாவை விட்டுச் சென்றார். 2017 ஏப்ரலில் அவரை லண்டனில் கைது செய்தது லண்டன் போலீஸ். சில மணி நேரத்திலேயே பிணையும் கிடைத்தது. இந்தியாவின் சார்பில் வாதாடியதும் பிரிட்டிஷ் அரசு வழக்குத் துறைதான். வழக்கை விசாரித்த லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் நீதிமன்ற நீதிபதி குற்றச்சாட்டோடு நிற்கவில்லை. மல்லையாவை அடைக்கவிருந்த மும்பை ஆர்தர் ரோடு சிறையின் 12-ஆம் எண் கட்டடத்தில் இயற்கை வெளிச்சம் விழுகிறதா என்று பார்க்க வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார். ஒப்படைக்கலாம் என்று 2018 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. மேல்முறையீடு 2020 ஏப்ரலில் தள்ளுபடியானது. குற்றம் செய்தாரா என்பதை அந்த நீதிமன்றம் தீர்மானிப்பதில்லை. ஆகவே ‘நான் நிரபராதி’ என்று மட்டும் அங்கே வாதாடிக்கொண்டிருப்பவர், ஒப்படைப்பைத் தடுக்கக்கூடிய மெய்யான காரணங்களை எடுத்துரைக்கும் வாய்ப்பை இழக்கிறார்.

ஐரோப்பிய ஒன்றியம் இதில் ஒரு விதிவிலக்கு. அங்கே 2004 முதல் ஒரு நாட்டு நீதிமன்றத்தின் வாரண்டை மற்ற உறுப்பு நாடுகளும் ஏற்று நிறைவேற்றுகின்றன. 32 வகைக் குற்றங்களுக்கு இரு நாட்டுச் சட்ட ஒப்பீடுகூடத் தேவையில்லை.

வழக்கறிஞரைக் கேட்காமல் ‘என்னை அனுப்பிவிடுங்கள்’ என்று ஒப்புதல் கையெழுத்துப் போடுவது இன்னொரு தவறு. எந்தக் குற்றத்துக்காக ஒருவர் ஒப்படைக்கப்பட்டாரோ அதற்காகத்தான் விசாரிக்க வேண்டும் என்ற பாதுகாப்பு பொதுவாக உண்டு. சில நாடுகளில் அந்தக் கையெழுத்தோடு அதுவும் போய்விடும். ஒப்படைக்கும் நாடு விதிக்கும் நிபந்தனைக்கு எவ்வளவு வலு இருக்கிறது என்பதை அபு சலேம் வழக்கில் பார்க்கலாம். 2005-இல் போர்ச்சுகல் அவரை அனுப்பியபோது, மரண தண்டனையோ 25 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறையோ இல்லை என்று இந்தியா வாக்குறுதி கொடுத்திருந்தது. மும்பைத் தொடர் குண்டுவெடிப்பு வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர் என்றாலும், அந்த வாக்கை மத்திய அரசு காப்பாற்ற வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

என்னை மிகவும் வருத்துவது சாதாரணக் குடும்பங்கள் செய்யும் தவறுதான். குடும்பத் தகராறிலோ பணத் தகராறிலோ சம்மன் வருகிறது. ஆள் வளைகுடாவில் இருக்கிறார். ‘அவன் ஊரில் இல்லை’ என்று வீட்டார் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். சம்மன் வாரண்டாகிறது. வாரண்டுக்குக் காலாவதி கிடையாது. பிறப்பித்த நீதிமன்றம் ரத்து செய்யும் வரை அல்லது நிறைவேறும் வரை அது உயிரோடு இருக்கும். கடுமையான குற்ற வழக்குகளில், தலைமறைவுக் குற்றவாளியாக அறிவிக்கப்பட்டவர் இல்லாமலே விசாரணை நடத்தித் தீர்ப்பளிக்கவும் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் வழி செய்திருக்கிறது. வழக்கறிஞர் மூலம் வாரண்டைத் திரும்பப் பெறக் கோரும் மனுவைத் தொடக்கத்திலேயே போட்டிருந்தால் பல வழக்குகள் அந்த அளவுக்குப் போயிருக்காது.

தங்கையின் கல்யாணத்துக்கு ஐந்து ஆண்டு கழித்து வருகிறார் ஒருவர். விமான நிலையக் குடிவரவு கவுன்டரில் அதிகாரி கடவுச்சீட்டைத் தேய்த்ததும் திரையைப் பார்க்கிறார், மறுபடி முகத்தைப் பார்க்கிறார், கொஞ்சம் ஓரமாக உட்காரச் சொல்கிறார். வெளியே மாலையோடு நிற்கும் உறவினர்களுக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. அது லுக் அவுட் நோட்டீஸின் வேலை. இன்னார் வந்தாலோ போனாலோ நிறுத்துங்கள், தகவல் சொல்லுங்கள் என்று குடிவரவு அதிகாரிகளுக்குப் போகும் அறிவிப்பு அது. அது வாரண்ட் இல்லை. வெளிநாட்டில் அதற்கு எந்த வலுவும் கிடையாது. ஆனால் நம் விமான நிலையங்களில் தவறாமல் வேலை செய்யும். வழக்கு முடிந்ததும் அது தானாக விழுந்துவிடும் என்று நம்பிப் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 2021-ஆம் ஆண்டின் வழிகாட்டுதல்படி, அதைக் கேட்டு வாங்கிய துறையே எழுதிக் கேட்டால்தான் குடிவரவுப் பணியகம் நீக்கும். ஆகவே விடுதலைத் தீர்ப்பு வந்தாலும் சமரசமாக முடிந்தாலும், அந்தக் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, நீக்கப்பட்டதை உறுதி செய்துகொண்டு, உத்தரவின் சான்றளிக்கப்பட்ட நகலைக் கைப்பையில் வைத்துக்கொண்ட பிறகே டிக்கெட் எடுங்கள்.