பிரிட்டனில் சிறுதொழில் தொடங்கும் அயர்லாந்துக்காரர் கவனத்துக்கு
அயர்லாந்துக் குடிமக்கள் பிரிட்டனில் தங்கித் தொழில் நடத்த, இரு நாட்டுக் குடிமக்களும் மற்ற நாட்டில் தடையின்றி வாழவும் வேலை செய்யவும் வழிவிடும் பொதுப் பயணப் பகுதி ஏற்பாட்டின்படி, பிரெக்சிட்டுக்குப் (பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியதற்குப்) பிறகும் விசா தேவையில்லை என்பதால், லிவர்பூலில் சோடா ரொட்டி சுட்டு விற்க விரும்புபவர் முதலில் நாட வேண்டியது உள்ளூர் நகராட்சியைத்தான். வீட்டு அடுப்பில் சுட்டாலும், விற்பனை தொடங்குவதற்குக் குறைந்தது 28 நாள்களுக்கு முன் அங்கே பதிய வேண்டும், கட்டணம் கிடையாது.

ஒரு வரி ஆண்டில் தொழில் வரவு 1,000 பவுண்டைத் தாண்டினால், அந்த ஆண்டு முடிந்தபின் வரும் அக்டோபர் 5-க்குள் வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அயர்லாந்தில் ஜனவரியில் தொடங்கும் வரி ஆண்டு இங்கே ஏப்ரல் 6-இல் தொடங்குவதால், பழைய பழக்கத்தில் கணக்குப் போடுபவர் தடுமாற நேரிடும். அந்த 1,000 பவுண்டு செலவு கழிக்காத மொத்த வரவு என்பதையும் மறந்துவிடாமல், மாவு வாங்கிய ரசீதைக்கூட முதல் நாளிலிருந்தே தேதிவாரியாகக் கோத்து வையுங்கள்.