இசை சொல்லிக்கொடுக்கச் சீனாவுக்குப் போகிறீர்களா?

முதலில் விசாவைப் பேசிவிடுவோம், பலர் மாட்டிக்கொள்வது அங்கேதான். சீனாவில் சம்பளத்துக்கு வேலை செய்ய இசட் விசா வேண்டும். "இப்போதைக்கு டூரிஸ்ட் விசாவில் வாங்க, வந்தப்புறம் மாத்திக்கலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் அவரோடு பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பிடிபட்டால் அபராதம் கட்டி ஊர் திரும்ப வேண்டியவர் நீங்கள்தான்.

சரியான வழி இதுதான்: பள்ளி உங்களுக்காக வேலை அனுமதி அறிவிப்புக் கடிதம் வாங்கி அனுப்பும், அதை வைத்துத்தான் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இதற்குப் பொதுவாக ஒரு பட்டம், அதற்குப் பிறகு 2 வருட அனுபவம், போலீஸ் சான்றிதழ் ஆகியவை கேட்பார்கள், வயது 60க்குள் இருக்க வேண்டும். படிப்படியாக எழுதும் இசைத் தேர்வுகளான கிரேடு தேர்வுகளின் சான்றிதழ்கள் கூடுதல் பலம், ஆனால் பட்டத்துக்கு ஈடாகாது. ஒரே முத்திரையை வைத்து வெளிநாட்டு ஆவணத்தை ஏற்கும் அப்போஸ்டில் முறைக்குச் சீனா 2023 நவம்பரில் வந்துவிட்டது என்றாலும் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே அது செல்லாது, அதனால் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், சீனத் தூதரகம் என்று மூன்று படியும் ஏறித்தான் பட்டத்துக்கு முத்திரை வாங்க வேண்டும். நம் ஆட்களுக்கு இன்னொரு தலைவலி இனிஷியல். சான்றிதழில் வெறும் எழுத்தாகவும் பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயராகவும் இருந்தால் இப்போதே ஒரு அஃபிடவிட் எடுத்துவிடுங்கள்.

இறங்கிய 24 மணி நேரத்துக்குள் போலீஸில் முகவரியைப் பதிய வேண்டும், 30 நாளுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அனுமதி அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும்தான், ஞாயிற்றுக்கிழமை யாரோ ஒருவர் வீட்டில் காசு வாங்கிக்கொண்டு பியானோ சொல்லிக்கொடுப்பதும் சட்டப்படி தவறு. ஒப்பந்தத்தில் வகுப்பு நேரத்தைத் தவிர எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும், வசந்த விழா (சீனப் புத்தாண்டு) விடுமுறைக்குச் சம்பளம் உண்டா, விலகும்போது விடுவிப்புக் கடிதம் தருவார்களா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். அந்தக் கடிதம் இல்லாமல் அடுத்த வேலைக்கு மாறுவது பெரும்பாடு.

சரி, இனி பாடம். கிளம்புவதற்கு முன்னால் ஜியான்பு, அதாவது இசையை எண்களில் எழுதும் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள், இதை நான் அழுத்தியே சொல்வேன். அங்கே ஏராளமான பிள்ளைகளும் ஆசிரியர்களும் ஐந்து கோட்டு ஸ்டாஃபை விட இந்த எண் குறிமுறையைத்தான் சரளமாகப் படிக்கிறார்கள். 1 என்றால் டோ, 2 என்றால் ரே, அப்படியே 7 வரை, 0 என்றால் மௌனம். எண்ணுக்கு மேலே புள்ளி இருந்தால் மேல் ஸ்தாயி, கீழே இருந்தால் கீழ் ஸ்தாயி, அடியில் ஒரு கோடு போட்டால் கால அளவு பாதி, பக்கத்தில் ஒரு சிறு கோடு இருந்தால் இன்னொரு தட்டு நீளும். ஸ்வரம் எழுதிப் பாடம் படித்தவர்களுக்கு இது புதிதே இல்லை, நாமும் தார ஸ்தாயிக்கு எழுத்தின் மேலே புள்ளிதானே வைக்கிறோம்? பக்கத்தின் மேலே 1=டி என்று போட்டிருந்தால் அதைச் சுருதி என்று எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு வாரத்தில் கை வந்துவிடும்.

பயிற்சி மையத்தில் சேர்ந்தால் மாலையும் சனி, ஞாயிறும்தான் வேலை, பெற்றோர் முதலில் கேட்பது கிரேடு தேர்வு எப்போது என்பதைத்தான். 2021 ஜூலையில் பள்ளிப் பாட டியூஷனுக்கு அரசு கடும் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது இசை அதில் அடங்கவில்லை, ஆங்கிலம் அடங்கியது. அதனால் உங்கள் ஒப்பந்தத்தில் வேலை 'இசை ஆசிரியர்' என்றே இருக்கிறதா, இல்லை பாட்டுப் பாடி ஆங்கிலம் நடத்தச் சொல்கிறார்களா என்று கையெழுத்துப் போடும் முன் கேட்டுவிடுங்கள்.