மாணவர்களிடம் விதிமுறைத் தாளில் கையெழுத்து வாங்கும்போது நடக்கும் தவறுகள்

முதல் வகுப்பு. நான்கு பக்கத் தாள் ஒன்று எல்லோர் கைக்கும் வருகிறது. வருகைப்பதிவு, அசைன்மெண்ட் கெடு, மதிப்பெண் பிரிப்பு, காப்பியடித்தால் என்ன ஆகும் என எல்லாம் அதில் இருக்கின்றன. மாணவர்கள் நேராகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள். ஆறாவது வாரம் ஒரு மாணவி வந்து, "இப்படி ஒரு விதி இருக்குன்னே எனக்குத் தெரியாது சார்" என்கிறாள். அவள் பொய் சொல்லவில்லை.

அந்தக் கையெழுத்து, தாள் அவள் கைக்கு வந்தது என்பதற்குத்தான் சாட்சி. அது அவளுக்குப் புரிந்தது என்பதற்குச் சாட்சி இல்லை. இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொள்வதிலிருந்துதான் மற்றத் தவறுகளும் தொடங்குகின்றன.

தாளைக் கொடுத்த அதே மணி நேரத்தில் திருப்பி வாங்குவது அதில் முதன்மையானது. வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாகப் படிக்கட்டும். முதல் வாரக் கடைசியில் தந்தால் போதும். அவர்களிடமும் ஒரு நகல் இருக்க வேண்டும். இருக்கிற ஒரே பிரதியை நாம் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டால், தான் எதற்குச் சம்மதித்தோம் என்று பார்க்க மாணவருக்கு வழியே இல்லை.

இணையத்தில் வாங்கினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கூகுள் ஃபார்மில் "படித்தேன், புரிந்துகொண்டேன்" என்று ஒரே ஒரு கட்டம் வைத்தால், அதை டிக் செய்ய இரண்டு விநாடி போதும். அந்தக் கட்டத்துக்குப் பதிலாக ஐந்தாறு கேள்விகள் கேளுங்கள். அதுவும் "தாமதத்துக்கு எவ்வளவு மதிப்பெண் குறையும்?" என்று எண்ணை மட்டும் கேட்காமல், ஒரு சூழ்நிலையாகக் கேளுங்கள்: "புதன்கிழமை காய்ச்சல், வியாழக்கிழமை அசைன்மெண்ட் கெடு. நீங்கள் யாரிடம், எப்போது, என்ன சொல்ல வேண்டும்?" இதற்குப் பதில் எழுத வேண்டுமென்றால் தாளைத் திறந்துதான் ஆக வேண்டும்.

இதில் இன்னொரு பலனும் உண்டு. உளவியல் ஆய்வாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் 2006 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மட்டும் திரும்பப் படித்தவர்கள் முந்தியிருந்தார்கள். நாம் விதிகளை வாசித்துக் காட்டிவிட்டு உடனே "புரிந்ததா?" என்று கேட்கும்போது கிடைக்கும் தலையாட்டலை ஏன் நம்பக் கூடாது என்பது இதிலிருந்து தெரியும். அந்த நேரத்தில் நினைவிருக்கும், ஆறாவது வாரம் இருக்காது. முடிந்தால் முதல் அசைன்மெண்டுக்கு முந்தைய வாரம் அதே கேள்விகளில் இரண்டை மறுபடி கேளுங்கள்.

கேள்வி கேட்பது நமக்கும் பாடம். "ஞாயிறு இரவு 12 மணிக்குள்" என்று ஒருமுறை கெடு எழுதியிருந்தேன். அது சனிக்கிழமை முடிகிற நள்ளிரவா, ஞாயிற்றுக்கிழமை முடிகிற நள்ளிரவா? பாதி வகுப்பு ஒன்றைச் சொன்னது, பாதி மற்றொன்றை. தவறு அவர்களுடையது இல்லை, என் வாக்கியத்துடையது. இப்போது "ஞாயிறு இரவு 11:59" என்று எழுதுகிறேன். நிறையப் பேர் ஒரே கேள்வியில் தடுமாறினால் விதியைத் திருத்தி எழுதுங்கள். மாணவர்களைக் குறை சொல்ல வேண்டாம். இந்தக் கேள்விகளுக்கு மதிப்பெண்ணும் வேண்டாம். எல்லாம் சரியாக வரும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் முயலலாம் என்று விட்டுவிடுங்கள்.

மங்கலான விதிக்குச் சம்மதம் வாங்குவதும் இதே வகைத் தவறுதான். "செயற்கை நுண்ணறிவு பயன்படுத்தக் கூடாது" என்ற ஒரு வரி இன்று எதையும் சொல்வதில்லை. எழுத்துப்பிழை பார்க்கலாமா? மொழிபெயர்க்கலாமா? கட்டுரைக்கு யோசனை கேட்கலாமா? எது சரி, எது தவறு, எதற்கு முன்அனுமதி வேண்டும் என்று எடுத்துக்காட்டோடு பிரித்துச் சொல்லாமல் வாங்கிய கையெழுத்தை வைத்துப் பிறகு ஒருவரைத் தண்டிப்பது நியாயமாகாது.

தாமதமாகச் சேர்பவர்களை மறந்துவிடுகிறோம். இரண்டாவது, மூன்றாவது வாரம் வருபவருக்கு அந்த முதல் நாள் பேச்சு எதுவும் தெரியாது. அவருக்கும் அதே தாள், அதே கேள்விகள், அதே அவகாசம் வேண்டும். அப்புறம், நடுவில் விதியை மாற்றினால் பழைய கையெழுத்து புதிய விதிக்குச் செல்லாது. தாளின் மேலே தேதி போடுங்கள். மாறிய வரியை மட்டும் தனியாகக் காட்டி மறுபடி ஒப்புதல் வாங்குங்கள்.

படிவத்தில் "ஆம்" என்பதற்கு மட்டுமே இடம் இருப்பதுதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர், வீட்டில் இணையம் இல்லாதவர், காது சரியாகக் கேட்காதவர் எல்லோரும் அதே கட்டத்தைத்தான் டிக் செய்கிறார்கள். "இவற்றில் எது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும்?" என்று ஒரு கேள்வி சேர்த்துப் பாருங்கள். பதில் உங்களுக்கு மட்டும் தெரியும்படி இருக்க வேண்டும். எல்லோரும் பார்க்கும் தாளில் உடல்நிலையை எழுதச் சொல்லவே கூடாது. வந்த பதிலுக்கு அந்த வாரமே ஏதாவது செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் கேட்காமலே இருந்திருக்கலாம்.

நம் பக்கத்து வாக்கும் அதே தாளில் இருக்கட்டும்: திருத்திய தாள் எத்தனை நாளில் வரும், மின்னஞ்சலுக்கு எவ்வளவு நேரத்தில் பதில், மதிப்பெண்ணில் சந்தேகம் வந்தால் என்ன வழி. கீழே மாணவர் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே ஆசிரியர் கையெழுத்துக்கும் ஒரு கோடு போடுங்கள்.