பழைய கார்டுக்கு விலை பார்ப்பது எப்படி?

பழைய பெட்டியில் விளையாட்டு வீரர் படமோ போகிமான் படமோ அச்சிட்ட சேகரிப்பு கார்டு ஒரு கட்டு கிடைத்தால் நம் கை முதலில் துணியைத்தான் தேடும். தொடாதீர்கள். நான் சேர்க்க ஆரம்பித்த புதிதில் ஒரு கார்டை ஈரத்துணியால் லேசாகத் துடைத்தேன். தூசி போனது, கூடவே மேல் பளபளப்பும் போனது. கறையோடு இருந்திருந்தால் அதற்கு இன்னும் நல்ல விலை இருந்திருக்கும்.

1. முதலில் பத்திரப்படுத்துங்கள்

ரப்பர் பேண்டைக் கழற்றுங்கள், அது ஓரங்களை அரித்துவிடும். ஒவ்வொரு கார்டையும் ஸ்லீவ் என்ற மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டு, பிறகு டாப்லோடர் என்ற கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் நுழைத்துவிடுங்கள். ஸ்லீவ் இல்லாமல் நேராக டாப்லோடரில் போட்டால் முனை மடங்கும். பழைய பிவிசி ஆல்பம் வேண்டாம், வெயிலும் ஈரமும் படாத இடம் போதும்.

2. எந்தக் கார்டு என்று கண்டுபிடியுங்கள்

பின்பக்கம் அல்லது கீழ் ஓரத்தில் எண் இருக்கும். போகிமான் கார்டில் 4/102 என்றால் 102 கார்டு கொண்ட தொகுப்பில் நான்காவது, அதாவது சாரிசார்ட் என்ற போகிமான் பாத்திரத்தின் கார்டு. ஆனால் எண் மட்டும் போதாது. 1999-இல் வந்த ஆங்கில முதல் தொகுப்பிலேயே மூன்று வகை உண்டு: படத்தின் கீழே இடப்பக்கம் முதல் பதிப்பு முத்திரை உள்ளது, முத்திரையும் படச்சட்டத்தின் வலப்பக்க நிழலும் இல்லாதது, நிழல் உள்ள சாதாரணப் பதிப்பு. மூன்றுக்கும் விலை எங்கோ எங்கோ இருக்கும்.

3. அசலா என்று பாருங்கள்

10 மடங்கு பெருக்கிக் காட்டும் லூப் (சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடி) ஒன்று வாங்குங்கள். இந்தப் பொழுதுபோக்கில் இதைவிடப் பயனுள்ள செலவு எனக்குத் தெரியவில்லை. படங்கள் சிறு சிறு வண்ணப் புள்ளிகளால் ஆனவை. அசலில் பெரும்பாலும் கறுப்பு எழுத்துகள் மட்டும் திண்ணமான மையில் இருக்கும். ஸ்கேன் செய்து அடித்த நகலில் எழுத்தும் புள்ளி புள்ளியாகத் தெரியும். இரண்டாம் உலகப்போருக்கு முந்தையது என்று சொல்லப்படும் கார்டு, புற ஊதா விளக்கில் நீலமாகப் பளிச்சிட்டால் சந்தேகப்படுங்கள். காகிதத்தை வெளுப்பாக்கும் அந்த ரசாயனம் பின்னால் வந்தது. அளவையும் பாருங்கள்: தேய்ந்த ஓரத்தைக் கூராகக் காட்ட வெட்டிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

4. நிலையை மதிப்பிடுங்கள்

நான்கு முனைகள், ஓரங்கள், மேற்பரப்பு, சென்டரிங். கடைசியானது, படம் நடுவில் இருக்கிறதா என்று இருபக்க வெள்ளை ஓரங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது. கார்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். நேராகப் பார்க்கும்போது மறைந்திருக்கும் மடிப்பு அப்போது காட்டிக்கொடுக்கும். நம் கார்டு என்றால் கண் கொஞ்சம் தாராளமாகிவிடும், அதனால் பத்துக்கு எத்தனை என்று தோன்றிய மதிப்பெண்ணில் ஒன்றைக் குறைத்துக்கொள்வது என் வழக்கம்.

நிலைக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? டாப்ஸ் என்ற கார்டு நிறுவனத்தின் 1952 தொகுப்பில் வந்த பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் கார்டு, பத்துக்கு 9.5 தரத்தில் ஒன்று, 2022-இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. அதே கார்டு கசங்கிய நிலையில் இருந்தால் சில பத்தாயிரம் டாலர்தான். அந்தத் தொகுப்பின் விற்காத பெட்டிகளைக் கடலில் கொட்டினோம் என்று டாப்ஸ் ஊழியர் ஒருவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அபூர்வம் அப்படியும் உருவாகும். மாறாக, 1980-களின் கடைசியிலும் 90-களின் தொடக்கத்திலும் மலைமலையாக அச்சடித்த விளையாட்டு கார்டுகளுக்கு, முப்பது வருடம் கழித்தும் பெரிதாக மதிப்பில்லை. பழசு என்பதற்காக யாரும் பணம் தரமாட்டார்கள்.

5. இனி விலை

ஈபே என்ற இணைய விற்பனைத் தளத்தில் விற்பவர் கேட்கும் விலையைப் பார்த்து மயங்காதீர்கள். யாரும் எதையும் கேட்கலாம். விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டியைப் போட்டு, அதே பதிப்பு, அதே தரம் கொண்ட கடைசி ஐந்தாறு விற்பனைகளைப் பாருங்கள். தனித்து நிற்கும் ஒரு பெரிய தொகையை ஒதுக்கிவிடுங்கள்.

6. தரச்சான்றுக்கு அனுப்பலாமா?

பிஎஸ்ஏ, எஸ்ஜிசி, பெக்கெட் போன்ற நிறுவனங்கள் பத்துக்கு மதிப்பெண் போட்டு, கார்டைப் பிளாஸ்டிக் உறையில் மூடித் தருகின்றன. கட்டணமும் தபால் செலவும் உண்டு. நீங்கள் எதிர்பார்க்கும் தரத்துக்கு ஒரு படி கீழே வந்தாலும் அந்தச் செலவு திரும்புமா என்று கணக்குப் போடுங்கள். திரும்பாது என்றால் டாப்லோடரிலேயே இருக்கட்டும்.