அயர்லாந்து உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிப்பது எப்படி?

அயர்லாந்தின் உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்க அந்நாட்டுக் குடியுரிமை தேவையில்லை. 18 வயது நிரம்பி, அங்கே வழக்கமாக வசித்துவருகிற எவரும் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்து வாக்களிக்கலாம். வேலை அனுமதியில் வந்த மென்பொருள் பொறியாளர், மருத்துவமனைச் செவிலியர், படிக்க வந்த மாணவர், தஞ்சம் கோரி முடிவுக்குக் காத்திருப்பவர் என்ற வேறுபாடு இதில் இல்லை. நாடாளுமன்றத் தேர்தலில் இந்திய, இலங்கைக் குடிமக்களுக்கு இந்த உரிமை கிடையாது என்பதால், எந்தத் தேர்தலிலும் தமக்கு இடமில்லை என்று பல தமிழ்க் குடும்பங்கள் எண்ணிக்கொண்டிருக்கின்றன. அங்கே வாக்களிப்பது என்றால் வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் எண்ணிடுவது. உரிமை உண்டென்று அறிந்து வாக்குச்சாவடிக்குப் போகிறவர்களிலும் சிலர் ஒரே ஒரு பெயருக்கு மட்டும் எண்ணிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் தம் வாக்கின் பெரும்பகுதியைப் பயன்படுத்தாமல் விடுகிறார்கள் என்பதே என் கருத்து. அதற்கான காரணத்தைக் கீழே விளக்குகிறேன்.

முதலில் தொகுதியின் அமைப்பு. நாடு முழுவதும் 31 உள்ளூராட்சி மன்றங்களும் அவற்றில் 949 உறுப்பினர்களும் உள்ளனர். ஒவ்வொரு மன்றத்தின் எல்லையும் தேர்தல் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. நம் ஊர்களில் ஒரு வார்டுக்கு ஒரு கவுன்சிலர் என்பதுபோல் அங்கே இல்லை. பெரும்பாலான பகுதிகளிலிருந்து ஐந்து முதல் ஏழு பேர் வரை தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். எடுத்துக்காட்டாக, கால்வே மாநகராட்சியின் 18 உறுப்பினர்கள் மூன்று பகுதிகளிலிருந்து, பகுதிக்கு ஆறு பேராக வருகிறார்கள். தேர்தல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடைபெறும். கடைசியாக 2024 ஜூன் 7 அன்று நடந்தது.

பெயர் சேர்ப்பதற்கு அரசின் வாக்காளர் பட்டியல் இணையதளம் உள்ளது. பிபிஎஸ் எண் (அரசுச் சேவைகளுக்கான தனிநபர் எண்), பிறந்த தேதி, வீட்டின் அயர்கோடு (அஞ்சல் குறியீடு) ஆகிய மூன்றையும் கையில் வைத்துக்கொண்டால் சில நிமிடங்களில் விண்ணப்பித்துவிடலாம். இணையம் வேண்டாம் என்பவர்கள் தம் மன்ற அலுவலகத்தில் படிவம் பெற்றுக்கொள்ளலாம். பட்டியல் ஆண்டு முழுவதும் திறந்திருந்தாலும், வாக்குப்பதிவு நாளுக்கு இரண்டு வாரங்களுக்கும் மேலாக முன்பே அந்தத் தேர்தலுக்கான கடைசி நாள் வந்துவிடும். 2024இல் அது மே 20 ஆக இருந்தது. வாடகை வீடு மாறிய ஒவ்வொரு முறையும் முகவரியை மாற்றிப் பதிய வேண்டும். பழைய முகவரியே பட்டியலில் இருந்தால், நீங்கள் இப்போது வாழாத பகுதியின் வேட்பாளர்களுக்கே வாக்களிக்க நேரும்.

வாக்குச்சாவடி காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை திறந்திருக்கும். வீட்டுக்கு அஞ்சலில் வரும் வாக்குப்பதிவு அறிவிப்பு அட்டையைக் கொண்டுபோனால் பெயரைத் தேடுவது எளிது. அது வந்துசேரவில்லை என்றாலும் பட்டியலில் பெயர் இருந்தால் வாக்களிக்கலாம். அடையாளச் சான்று கேட்கப்படலாம் என்பதால் பாஸ்போர்ட்டையோ ஓட்டுநர் உரிமத்தையோ எடுத்துச் செல்லுங்கள்.

வாக்குச்சீட்டில் வேட்பாளர்களின் பெயர்கள் குடும்பப் பெயரின் அகரவரிசையில், புகைப்படத்தோடும் கட்சிச் சின்னத்தோடும் அச்சிடப்பட்டிருக்கும். உங்கள் மனத்துக்கு மிகவும் உகந்த வேட்பாளரின் பெயருக்கு எதிரே உள்ள கட்டத்தில் 1 என்று எழுதுங்கள். அவருக்கு அடுத்தபடியாக நீங்கள் விரும்புகிறவருக்கு 2, அதற்கடுத்தவருக்கு 3 என்று, கருத்து உள்ளவரை தொடர்ந்துகொண்டே போகலாம். எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. ஆறு இடங்களுக்குப் பதினைந்து பேர் போட்டியிட்டால் பதினைந்து வரையும் எழுதலாம். 1 என்ற எண் இல்லாமலோ, இருவருக்கு 1 இட்டோ போட்டால் சீட்டு செல்லாது. 1, 2 என்று எழுதி 3ஐத் தவறவிட்டு 4 எழுதினால் வாக்கு 2 வரை மட்டுமே உயிரோடிருக்கும். கையெழுத்தோ பெயரோ எழுதி, போட்டவர் யார் என்று காட்டிக்கொடுக்கிற சீட்டும் செல்லாது.

இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. அங்கே நாடாளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு வாக்களித்த பின் மூவருக்கு விருப்பு வாக்கு அளிக்கும் பழக்கம் உண்டு. அம்மூன்றும் சம மதிப்புள்ளவை. அயர்லாந்தில் நீங்கள் இடுவது வரிசை. உங்களிடம் இருப்பது ஒரே வாக்கு. அது முதலில் 1 பெற்றவரிடம் போகிறது, அங்கே தேவைப்படாதபோதுதான் 2 பெற்றவரிடம் நகர்கிறது. மாநிலங்களவைக்குத் தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினர்கள் வாக்களிக்கும் முறையை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. கட்சிக்கு என்று தனி வாக்கும் கிடையாது. ஒரு கட்சி மூவரை நிறுத்தியிருந்து, அந்தக் கட்சியே வெல்ல வேண்டும் என்று நீங்கள் நினைத்தால், மூவருக்கும் நீங்களே எண்ணிட வேண்டும்.

ஒரே நாளில் வேறு தேர்தல்களும் நடப்பதால் இன்னொரு தவறு நேர்கிறது. 2024இல் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலும் அதே நாளில் நடந்தது. லிமெரிக்கில் மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் தேர்தலும் சேர்ந்துகொண்டது. ஒரு சீட்டில் 1, 2, 3 எழுதிவிட்டு அடுத்த சீட்டில் 4, 5, 6 என்று தொடர்கிறவர்கள் உண்டு. அந்த இரண்டாம் சீட்டு குப்பைக்குத்தான் போகும். ஒவ்வொரு சீட்டிலும் 1இலிருந்தே தொடங்குங்கள்.

இனி வாக்கு எண்ணிக்கை. இதைப் புரிந்துகொண்டால்தான் எட்டாவது எண்ணுக்கும் மதிப்பு உண்டு என்பது விளங்கும். செல்லுபடியான மொத்த வாக்குகளை, நிரப்ப வேண்டிய இடங்களோடு ஒன்றைக் கூட்டி வரும் எண்ணால் வகுத்து, பின்னத்தை விட்டுவிட்டு, விடையோடு ஒன்றைச் சேர்த்தால் வருவது கோட்டா. ஆறு இடங்களுள்ள பகுதியில் 7,000 செல்லுபடியான வாக்குகள் விழுந்ததாகக் கொள்வோம். 7,000ஐ 7ஆல் வகுத்தால் 1,000. ஒன்றைக் கூட்டினால் கோட்டா 1,001. இந்த அளவை எட்டியவர் வென்றவர். ஏழு பேர் இதை எட்ட முடியாது என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள்; இந்த எண்ணைத் தேர்ந்தெடுத்ததன் காரணம் அதுவே.

முதல் சுற்றில் ஒருவர் 1,401 வாக்குகள் பெற்றால் அவருக்கு 400 உபரி. அந்த உபரி யாருக்குப் போக வேண்டும் என்பதை அறிய அவருடைய 1,401 சீட்டுகளையும் அடுத்த எண்ணின்படி பிரிக்கிறார்கள். 201 சீட்டுகளில் அடுத்த எண்ணே இல்லை என்றும், மீதி 1,200இல் 600 ஒருவருக்கும் முந்நூறு முந்நூறு வேறு இருவருக்கும் போவதாகவும் வைத்துக்கொள்வோம். மாற்றத்தக்க 1,200 சீட்டுகளுக்கு 400 உபரி என்பதால் விகிதம் மூன்றில் ஒன்று. முதலாமவருக்கு 200 சீட்டுகளும் மற்ற இருவருக்கும் நூறு நூறு சீட்டுகளும் மாற்றப்படும். அடுத்த எண் இல்லாத 201 சீட்டுகளும் வென்றவரிடமே தங்கிவிட்டன என்பதைக் கவனியுங்கள். அவற்றைப் போட்டவர்களுக்கு மற்ற ஐந்து இடங்களைப் பற்றி எந்தப் பங்கும் இல்லை.

பகிர்வதற்கு உபரி இல்லாதபோது கடைசியில் இருப்பவர் நீக்கப்பட்டு, அவருடைய சீட்டுகள் ஒவ்வொன்றும் முழு மதிப்போடு, அதில் எழுதியுள்ள அடுத்த எண்ணுக்குப் போகின்றன. அந்த அடுத்தவர் ஏற்கெனவே வென்றவராகவோ நீக்கப்பட்டவராகவோ இருந்தால் அவரைத் தாண்டி அதற்கடுத்த எண்ணுக்குச் செல்லும். இப்படிப் பத்துப் பன்னிரண்டு சுற்றுகள் நடப்பது அங்கே வழக்கமே. சுற்றுகள் நீள நீள, எண் தீர்ந்துபோன சீட்டுகள் குவிந்து ஒதுக்கப்படுவதால், கடைசி இடத்தைப் பிடிப்பவர் பெரும்பாலும் கோட்டாவை எட்டாமலே, எஞ்சியவர்களில் முன்னிற்பதால் வெல்கிறார். அந்தக் கடைசி இடத்தைச் சில பத்து வாக்குகள் தீர்மானிக்கும் வேளையில், 7 அல்லது 8 வரை எண்ணிட்டவருடைய சீட்டு இன்னும் மேசையில் இருக்கும். ஒரே எண்ணோடு நிறுத்தியவருடையது இருக்காது.

கீழ் எண்களை எழுதினால் 1 இட்டவருக்குப் பாதகம் வருமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். அது வராது. அவர் வென்றபின் அல்லது நீக்கப்பட்டபின்தான் அடுத்த எண்ணைப் பார்க்கவே செய்வார்கள். வெல்ல வாய்ப்பில்லாத சுயேச்சை ஒருவரை உண்மையாகவே விரும்பினால் அவருக்கே 1 இடுங்கள். அவர் நீக்கப்பட்டாலும் உங்கள் வாக்கு முழுதாக 2க்குப் போய்ச்சேரும். எவர் வரவே கூடாது என்று கருதுகிறீர்களோ அவருக்கு மட்டும் எண் இடாமல் விட்டு, அவரைவிட எவ்வளவோ மேல் என்று தோன்றும் அனைவருக்கும் எண்ணிடுங்கள்.

தேர்தலுக்கு முந்தைய வாரங்களில் வேட்பாளர்களே வீடு வீடாக வந்து கதவைத் தட்டுவார்கள். முதல் எண்ணை வேறொருவருக்கு வைத்திருக்கிறேன் என்று நீங்கள் சொன்னால் முகம் சுளிக்காமல், இரண்டாவதோ மூன்றாவதோ கிடைக்குமா என்று கேட்பார்கள். அவர்கள் அப்படிக் கேட்பது மரியாதைக்காக மட்டுமல்ல, அந்த எண்ணின் மதிப்பை அறிந்ததால்தான். அந்த நேரத்தை வீணாக்காதீர்கள். சமூக வீடுகள், சாலை, நடைபாதை, பூங்கா, நூலகம், கட்டட அனுமதித் திட்டம் ஆகியவை மன்றத்தின் பொறுப்பில் வருவதால் அவற்றைப் பற்றிக் கேளுங்கள். விசா பற்றியும் மருத்துவமனை பற்றியும் கேட்டால், அவை மன்றத்தின் கையில் இல்லை.

வாக்களிப்பதோடு நிற்க வேண்டும் என்பதும் இல்லை. அங்கே வசிப்பவர் குடியுரிமை இல்லாமலே வேட்பாளராகலாம். நைஜீரியாவிலிருந்து 2000இல் தஞ்சம் கோரி வந்த ரோட்டிமி அடெபாரி, 2004இல் போர்ட்லீஷ் நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு 2007இல் அந்நகர மேயரானார். கேரளத்திலிருந்து சென்ற பேபி பெரெப்பாடன் 2024இல் தெற்கு டப்ளின் மேயரானார். கட்சிச் சான்று இல்லாத சுயேச்சை வேட்பாளர், தம் பகுதி வாக்காளர்கள் 15 பேரின் ஒப்புதலைப் பெற வேண்டும், இல்லையென்றால் 100 யூரோ வைப்புத்தொகை கட்ட வேண்டும்.