விடையை முதலில் சொல்லாதீர்கள்: பிள்ளைகளுக்கு இலக்கியமும் வரலாறும் சொல்லித்தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லிபரல் ஆர்ட்ஸ் என்று பெரிய நகரத்துக் கல்லூரிகள் இன்று விளம்பரம் செய்யும் இலக்கியம், வரலாறு, கலை, குடிமையியல் எல்லாம் நம் ஊர்ப் பிள்ளைகளின் பையில் ஆறாம் வகுப்பிலேயே இருக்கின்றன. அவை ருசிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். பிள்ளை தானாகப் பார்ப்பதற்கு முன்பே விடையைச் சொல்லிவிடுகிறோம். திருநெல்வேலிப் பக்கத்து ஆசிரியர்களும் வீட்டில் பாடம் சொல்லித்தரும் பெற்றோரும் இதை எங்கெங்கே செய்கிறோம் என்று பார்க்கலாம்.

செய்யுளில் இது அதிகம். உழவர் வாழ்வைப் பாடும் பழைய நூலான முக்கூடற்பள்ளை எடுத்துக்கொள்ளுங்கள். சீவலப்பேரிப் பக்கம் தாமிரபரணியோடு சிற்றாறு சேருகிற முக்கூடல்தான் அந்த நூலின் ஊர். அதில் நாளை ஆற்றில் வெள்ளம் வரும் என்பதற்கு அறிகுறிகளாக மலையாள மின்னலும் ஈழ மின்னலும் மின்னுவதையும், தவளை கூப்பிடுவதையும், நண்டு வளையை அடைப்பதையும் அடுக்கும் பாட்டு ஒன்று உண்டு. வகுப்பில் என்ன நடக்கிறது? சொல்பொருள், பொருளுரை, இலக்கணக் குறிப்பு, மனப்பாடம், அடுத்த பாடம். பிள்ளையின் காதில் அந்தப் பாட்டின் சந்தம்கூட விழுவதில்லை.

பொருள் சொல்லாமல் முதலில் இரண்டு முறை ராகத்தோடு பாடிவிடுங்கள். அப்புறம் ஒரே ஒரு கேள்வி போதும்: "இங்கே நின்றால் மலையாளம் எந்தப் பக்கம்? ஈழம் எந்தப் பக்கம்?" யாராவது ஒரு பிள்ளை பொதிகை மலைப் பக்கம் கையைக் காட்டும். மேற்கே மின்னும் மழை எந்த மாதத்து மழை, கிழக்கே மின்னுவது எந்த மாதத்து மழை என்று பேச்சு தானாக வளரும். வீட்டுப்பாடமாக, மழை வருவதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று ஆச்சியிடம் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். தட்டான் தாழப் பறப்பதும், எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறுவதும் நோட்டில் வந்து சேரும். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை நேரில் பார்த்த வீடுகள் இங்கே ஏராளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. அன்றைக்கு எந்த அறிகுறி தெரிந்தது, எது தெரியாமல் போனது என்றும் கேட்டுவரட்டும். இத்தனைக்கும் பிறகு பொருளுரையைப் படிக்கச் சொன்னால் பாதியைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். பரீட்சைக்கும் அது போதும்.

அடுத்தது சுற்றுலா. காலையில் கிருஷ்ணாபுரம், பிறகு பழங்காலப் புதைகுழிகள் கிடைத்த ஆதிச்சநல்லூர், ஸ்ரீவைகுண்டம், நவதிருப்பதியில் இரண்டு கோயில், சாயங்காலம் திருச்செந்தூர்க் கடல். எல்லாம் ஒரே சாலையில் வருகிறதே என்று ஒரே நாளில் திணிக்கிறோம். பிள்ளைகளுக்கு மிஞ்சுவது பஸ்ஸில் போட்ட பாட்டு மட்டும்தான். ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். கிருஷ்ணாபுரம் கோயிலில் அரசகுமாரியைத் தூக்கிக்கொண்டு ஓடும் குறவன் சிற்பத்தின் முன்னால் அரை மணி நேரம் உட்காரவைத்து வரையச் சொல்லுங்கள். எந்தக் காலில் பாரம் நிற்கிறது என்பதைக் கண்டுபிடிக்காமல் அதை வரைய முடியாது. வழிகாட்டி அந்த அரை மணி நேரம் பேசாமல் இருந்தால் இன்னும் நல்லது.

இதற்கு நேரெதிரான தவறு ஒன்றும் உண்டு. மனப்பாடத்தை வெறுக்கும் நல்ல ஆசிரியர்கள்தான் இதில் விழுகிறார்கள். "உன் கருத்து என்னம்மா?" என்று கேட்டு, எந்தப் பிள்ளை எதைச் சொன்னாலும் "சூப்பர்" என்று சொல்லி உட்காரவைப்பது. இதைப் பிள்ளைக்குக் கொடுக்கும் மரியாதை என்று என்னால் நினைக்க முடியவில்லை. ஆதிச்சநல்லூரில் 1876இல் யாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டி எடுத்த பொருள்கள் பெர்லினுக்குப் போயின. பின்னர் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ எடுத்தவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. திருப்பிக் கேட்கலாமா என்று கேட்டால் வகுப்பே "கேட்கணும் சார்" என்று கத்தும். பாடம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. யாரிடம் கேட்பது? ஊருக்கா, சென்னைக்கா, எங்கே கொண்டுவந்து வைப்பது? அன்றைக்குத் தோண்டாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கட்டபொம்மனும் அப்படித்தான். 1799இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டவரைப் பற்றிக் கம்பெனி அதிகாரிகளின் கடிதங்களும் பேசுகின்றன, நாட்டார் கதைப்பாடலும் பேசுகிறது. யார், யாருக்காக எழுதியது என்று பிள்ளை கேட்கப் பழகட்டும். கருத்து எதுவானாலும் இருக்கட்டும், "அதை எங்கே பார்த்து, எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று கட்டாயம் கேளுங்கள்.

ஓவிய வகுப்பைக் கணக்கு வாத்தியாருக்குக் கடன் கொடுக்காதீர்கள். இதற்கு விளக்கம் தேவையில்லை.

கடைசியாகச் சொல்வதுதான் எனக்கு மிகவும் முக்கியமானது. சாதி வரும் இடத்தில் பாடத்தைத் தாண்டிப் போவது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் உடன் படித்த மாணவர்களே ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டிய பிறகும் "இதெல்லாம் கிளாஸில் எதுக்கு" என்று சொல்வது நியாயமில்லை. நாம் பேசாவிட்டாலும் சாதியைக் காட்டப் பிள்ளைகள் கையில் கட்டிய கயிற்றின் நிறம் பேசிக்கொண்டுதான் இருக்கிறது.

பேசுவதற்கு நம் மண்ணிலேயே கதை இருக்கிறது. ஆண்டுவிழாவில் பத்து நிமிட அயிட்டமாக மட்டும் வைத்திருக்கும் வில்லுப்பாட்டை வகுப்புக்குள் கொண்டுவாருங்கள். கோயில் கொடைகளில் பாடப்படும் முத்துப்பட்டன் கதையில் பிராமண இளைஞன் ஒருவன், ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த, செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணக்கிறான். அதற்காகத் தன் சாதி அடையாளத்தை விட்டு மாமனாரின் தொழிலை ஏற்கிறான், மாடுகளைக் காக்கும் சண்டையில் சாகிறான். பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்தையனார் கோயிலில் இன்றைக்கும் அவன் பட்டவராயன் என்ற தெய்வமாக நிற்கிறான். அந்தக் கதையின் சில வடிவங்களில் பெண்கள் இருவரும் பிறப்பால் பிராமணர்கள், வாலப்பகடை எடுத்து வளர்த்தவர் மட்டுமே என்று ஒரு பகுதி வருகிறது. இரண்டு வடிவத்தையும் சொல்லிவிட்டு, "இந்தப் பகுதி யாருக்குத் தேவைப்பட்டிருக்கும்?" என்று கேளுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதற்குப் பதில் தேடத் தெரியும். பேச்சு கதைக்குள்ளேயே நடக்கட்டும். எந்தப் பிள்ளையையும் பார்த்து "உங்க ஆளுக என்ன சொல்லுவாங்க" என்று கேட்டுவிடாதீர்கள். பேச விரும்பாத பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும், அதை நீங்கள் மட்டும் படியுங்கள்.